தீவின் நடு நிலம்

கல்லறைத் தோட்டத்து வாசலில், கறுப்பு உடுப்பில் வந்தவர்கள் எல்லாரும் குனிந்து, புல்லிலிருந்து உண்ணி ஏறாமலிருக்கக் கால்சட்டை நுனியைக் காலுறைக்குள் திணித்துக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணன் பாத்தா பெட்டிக்குள்ளயே சிரிப்பாரு," என்றார் சித்தப்பா லீலண்ட்.

"நீயும் திணிச்சுக்கோ ஹெஸ்டர்," என்றாள் அம்மா வில்டா. "ஒரு வீட்டுக்கு ஒருத்தர் போதும்."

ஓர் உண்ணி கடித்தது. காய்ச்சல் மூளைக்கு ஏறியது. அப்பா ஆல்டன் கடைசியில் மகளைக்கூட யாரென்று தெரியாமல் போய்ச் சேர்ந்தார்.

உண்ணி நோய் எப்படிப் பரவும், எதைச் செய்தால் அடங்கும் என்று சமன்பாடு போட்டுப் பார்ப்பதுதான் பல்கலைக்கழகத்தில் ஹெஸ்டருக்கு வேலை. பிறந்த தீவுக்கும் போட்டுப் பார்த்தாள். மான் ரத்தத்தைக் குடித்துத்தான் உண்ணி பெருகுகிறது; மான்களைச் சுட்டுக் குறைத்தால் உண்ணி குறையும். ஆனால் தீவின் நடுவில் இருக்கும் அப்பாவின் நிலத்தை விட்டுவிட்டால், மான்கள் அங்கே ஒதுங்கிவிடும், சுட்டதெல்லாம் வீண். அப்பா சம்மதிக்கவே இல்லை. "உன் கணக்கு மான் மூஞ்சியைப் பாத்திருக்காடி?" என்பார்.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்தார்கள். அக்கம்பக்கத்தார் கொண்டுவந்த அவரைப் பயறும் ரொட்டியும் மேசையில் ஆறிக்கொண்டிருந்தன.

"அண்ணி, இந்த நேரத்துல கேக்கக் கூடாது," என்றார் லீலண்ட். "நவம்பர்ல வேட்டை ஆரம்பிக்குது. நம்ம நிலம்..."

அம்மா அவரைப் பார்க்கவில்லை. மகளைப் பார்த்தாள்.

"நீ சொல்லு. போன வருஷமே சுட்டிருந்தா உங்கப்பா இருந்திருப்பாரா?"

ஆமாம் என்று ஒரு சொல் போதும், நிலம் கிடைத்துவிடும். லீலண்ட் கரண்டியைக் கீழே வைத்தார்.

"தெரியாதும்மா," என்றாள் ஹெஸ்டர். "மான் குறைஞ்சாலும் உண்ணி குறைய வருஷக்கணக்காகும். தனி ஒருத்தரைப் பத்தி என் கணக்கு எதுவும் சொல்லாது."

"அப்போ யாருக்காகடி சுடச் சொல்றே?"

"இனிமே சாகப் போறவங்களுக்கு."

"யாரு அவங்க?"

"தெரியாதும்மா."

அம்மா ரொட்டியை எடுத்துப் பிட்டாள். வாயில் போடாமல் தட்டிலேயே வைத்தாள்.

"பொய் சொல்லியிருக்கலாம் நீ."

ஹெஸ்டர் தண்ணீர்க் குவளையை அம்மா பக்கம் நகர்த்தினாள்.

"நவம்பர்ல வந்துடு லீலண்ட்," என்றாள் அம்மா. "சுடுற அன்னிக்கு நான் அக்கரைல எங்க அக்கா வீட்டுல இருப்பேன்."

எழுந்து பின்கட்டுக் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனாள். ஆப்பிள் மரத்தடியில் ஒரு பெண்மானும் இரண்டு குட்டிகளும் காத்துக்கொண்டு நின்றன. அம்மா எட்டி, கிளையைப் பிடித்து உலுக்கினாள். பழங்கள் பொத்பொத்தென்று விழுந்தன.

மான்கள் ஓடவில்லை. இன்னும் கிட்டே வந்தன.