கடைசிப் பாகம் மட்டும்

முடிவைச் சொல்லாமல் விமர்சனம் எழுத வேண்டுமாம். ஜார்ஜ் போட்ட நிபந்தனை அது.

ஜார்ஜ் எங்கள் சபை வாலிபர் சங்கத்தின் கையெழுத்துப் பத்திரிகைக்கு ஆசிரியர். ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியில் குமாஸ்தா. எழுத்து மணி மணியாக இருக்கும், யோசனைதான் அப்படி இருக்காது. மாதம் ஒரு பிரதியைத் தன் கையாலேயே எழுதி, படமும் வரைந்து, வீடு வீடாகச் சுற்றுக்கு விடுவான். அதில் சினிமா விமர்சனம் என் பொறுப்பு. மற்ற நேரத்தில் நான் ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டு நர்ஸ்.

"சிஸ்டர், இந்த மாசம் சினிமா வேணாம். உங்க வூட்ல ஜப்பான் கேசட் இருக்குதாமே, அதப் பத்தி எழுதுங்க. முடிவ மட்டும் சொல்லிடாதீங்க. படிக்கிறவங்களுக்கு சுவாரசியம் போய்டும்."

"தம்பி, அந்தக் கேசட்ல முடிவத் தவிர வேற ஒண்ணுமே இல்ல."

"அப்போ முடிவச் சொல்லாம முடிவப் பத்தி எழுதுங்க."

சொல்லிவிட்டு சைக்கிளில் ஏறிப் போய்விட்டான். இவனுக்கெல்லாம் யார் பேனா வாங்கிக் கொடுத்தது என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கேசட் எங்கள் வீட்டுக்கு வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் ஆபேல் தோல் தொழிற்சாலையில் ஃபிட்டர். எண்பத்து மூன்றில், தோலை இரண்டாகப் பிளக்கிற புது மிஷினைப் பொருத்த ஜப்பானிலிருந்து ஹயாஷி என்று ஒரு இன்ஜினியர் வந்தார். இரண்டு மாத வேலை. மின்வெட்டும் வந்து சேராத உதிரிபாகங்களுமாக அது ஒரு வருஷத்துக்கு மேல் இழுத்தது. அவருடைய மகன் அங்கே டிவியில் முகமூடி வீரர்கள் வரும் தொடர்களாகப் பார்க்கிறவன். அப்பாவுக்கு இதெல்லாம் கிடைக்கவில்லையே என்று, ஒவ்வொரு தொடரும் முடியும்போது கடைசிப் பாகத்தை மட்டும் ஒரே கேசட்டில் பதிவு செய்து அனுப்பி வைத்தான். நடுவில் எது போனாலும் முடிவாவது அப்பாவுக்குத் தெரியட்டும் என்று நினைத்திருக்கிறான், பாவம். ஊருக்குக் கிளம்பும்போது ஹயாஷி தன் டிவி, வீடியோ டெக், அதற்கான இரும்புக்குண்டு மாதிரி ஒரு டிரான்ஸ்பார்மர், கேசட் எல்லாவற்றையும் ஆபேலிடமே கொடுத்துவிட்டுப் போனார்.

அதிலிருந்து எங்கள் மகள் ஜெபராணிக்கு வேறு உலகம் கிடையாது. ஆறு வயசு. ஜப்பான் பாஷை ஒரு எழுத்து தெரியாது. ஆனால் எந்த வீரன் எப்போது விழுவான், எப்போது எழுவான், எந்த இடத்தில் பாட்டு வரும் என்று அத்தனையும் தலைகீழாகச் சொல்லுவாள். அவளோடு உட்கார்ந்து நானும் பார்த்தேன். விமர்சனம் எழுத வேண்டுமே.

மூன்று தொடர். பச்சைத் தலைக்கவசம் போட்டவன் ஒருவன், வெள்ளி உடம்புக்காரன் ஒருவன், ஆளுக்கொரு நிறத்தில் ஐந்து பேர் ஒரு கூட்டம். மூன்றிலும் கடைசிச் சண்டை கல்குவாரியில்தான். உலகத்தை அழிக்க வந்த அரக்கனுக்குக் கல்குவாரியில் என்ன வேலை? வந்தவன் வந்த காரியத்தைப் பார்க்கிறானா? கதாநாயகனைக் கட்டிப்போட்டுவிட்டுத் தன் திட்டத்தை முழுசாக ஒப்பிக்கிறான். எங்கள் சபைக் கமிட்டிக் கூட்டத்தில்கூட அவ்வளவு நேரம் யாரும் பேசியதில்லை. அதுவரை அடி வாங்கிக்கொண்டு கிடந்தவன், திடீரென்று இடுப்பிலிருந்து ஒரு வாளை உருவி ஒரே வெட்டில் கணக்கை முடிக்கிறான். அடப்பாவி, அது முதலிலிருந்தே உன் இடுப்பில்தானே தொங்கியது?

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். சண்டை முடிந்த பிறகு நடப்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. பச்சைக்காரன் தான் தங்கியிருந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பொம்மை வாங்கிவருகிறான். பக்கத்தில் உட்கார்ந்து தலையைத் தடவுகிறான். ஒரு சிரிப்பு சிரிக்கிறான். பிள்ளைகள் பொம்மையைப் பிரிக்கிற நேரம் பார்த்து நழுவிவிடுகிறான். வெள்ளிக்காரனும் அதே தடவல், அதே சிரிப்பு. பிள்ளை தூங்கியதும் ஜன்னல் வழியாக வானத்துக்குக் கிளம்பிவிடுகிறான். ஐந்து நிறத்துக்காரர்கள் ஆளுக்கொரு திசையாகப் போகிறார்கள், ஒருத்தருக்காவது வாய் இல்லை. அப்புறம் பிள்ளைகள் ஓடி வந்து ஆகாயத்தைப் பார்த்துக் கையாட்டும். பாட்டு வரும். உலகத்தையே காப்பாற்றத் தெரிந்தவனுக்கு 'போய்ட்டு வர்றேன்' என்று சொல்ல மட்டும் தெரியாதா?

"ஏம்மா சொல்லாம போறான்?" என்று ஜெபராணி ஒவ்வொரு தடவையும் கேட்பாள்.

"பயந்தாங்கொள்ளி, அதான்."

"சொன்னா புள்ளைங்க அழும்ல, அதுக்குத்தான்" என்றார் ஆபேல், அந்தப் பக்கமிருந்து.

நான் திரும்பிப் பார்த்தேன். அவர் அவசரமாகச் செய்தித்தாளைத் தூக்கி முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார்.

ஏனென்றால் அவரும் கிளம்புகிறவர்தான். ஹயாஷியின் கம்பெனியிலிருந்து அழைப்பு வந்திருந்தது. இரண்டு வருஷம் ஜப்பானில் வேலை, பயிற்சி. வருகிற சனிக்கிழமை மதியம் ஆம்பூரில் ரயில் ஏற வேண்டும், அங்கிருந்து மெட்ராஸ், அப்புறம் விமானம். ஊருக்கே தெரியும். ஜெபராணிக்கு மட்டும் தெரியாது. சொல்லக் கூடாது என்பது ஆபேலின் கட்டளை.

திட்டம் போட்டுக் கொடுத்தவள் பக்கத்து வீட்டு வஹீதா. அவள் புருஷன் ஜித்தாவில் இருக்கிறார், லீவு முடிந்து போகும்போதெல்லாம் அவள் வீட்டில் இப்படித்தான்.

"ரோஸக்கா, சனிக்கிழமை காலைலயே பாப்பாவ எங்க வூட்டுக்கு அனுப்பிடுங்க. எங்க புள்ளைங்களோட ஆடிக்கினு இருக்கும். அண்ணன் போய்டட்டும். கேட்டா பக்கத்துல நாட்றம்பள்ளிக்குப் போயிருக்காருன்னு சொல்லுங்க. கொஞ்சம் கொஞ்சமா மறந்துடும். சொல்லிட்டுப் போனா ஜாஸ்தி அழும், சொல்லாம போனா கம்மியா அழும்."

"போன தடவ உங்க சின்னவன் எவ்ளோ நாள் வாசல்லயே உக்காந்திருந்தான் வஹீதா?"

அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு உள்ளே போய்விட்டாள்.

நான் ஆபேலிடம் சண்டை போட்டுப் பார்த்தேன். வார்டில் ஊசி போடும் முன்னால் "வலிக்கும்டா கண்ணு" என்று சொல்லிவிட்டுத்தான் போடுவேன். அந்தப் பிள்ளை அழும், ஆனால் அடுத்த நாள் என்னைப் பார்த்து ஒளியாது. சொல்லாமல் குத்துகிற நர்ஸைப் பார்த்தால் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். இதைச் சொன்னேன்.

"ரோஸ், அது அழுதா என்னால ரயில் ஏற முடியாது" என்றார். "சத்தியமா முடியாது. டிக்கெட்ட கிழிச்சுப் போட்டுட்டுத் திரும்பிடுவேன். உனக்கு அதுதான் வேணுமா?"

அப்படிக் கேட்டால் நான் என்ன சொல்ல? சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்துத் தொலைத்தேன். வெளியே ஜார்ஜ் முடிவைச் சொல்லாதே என்கிறான், வீட்டுக்குள் இவர் முடிவைச் சொல்லாதே என்கிறார். அந்த வாரம் முழுக்க எனக்கு யாரைப் பார்த்தாலும் எரிச்சல்தான். விமர்சனத்தில் ஒரு வரிகூட ஓடவில்லை.

வெள்ளிக்கிழமை ஆபேல் ஆற்காட்டில் இருக்கும் தன் அக்காவிடம் சொல்லிக்கொள்ளப் போனார். அக்காவிடம் சொல்லிக்கொள்ளலாமாம், பெற்ற மகளிடம் கூடாதாம். சாயங்காலம் திரும்பியபோது கையில் ஒரு டப்பா நிறைய அந்த ஊர் இனிப்பு மக்கன் பேடா, கண்ணை மூடித் திறக்கிற பொம்மை ஒன்று. ஆபேல் விசேஷ நாளிலேயே யோசித்துச் செலவு செய்கிறவர். ஜெபராணி பேடாவை வாயில் வைத்துக்கொண்டே பொம்மையைப் பிரிக்க ஆரம்பித்தாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். தலையைத் தடவினார். சிரித்தார்.

அவள் கை அப்படியே நின்றது. அவரை ஏற இறங்கப் பார்த்தாள். வாயிலிருந்த பேடாவை மெல்லவில்லை.

பொம்மையைத் தரையில் வைத்துவிட்டு எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினாள். கொக்கி எட்டவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறிக் கொக்கியையும் மாட்டினாள். அப்புறம் வாசலில் கிடந்த அவருடைய செருப்புகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு நிலைப்படியில் உட்கார்ந்தாள்.

"அப்பா, இது கடைசிப் பார்ட்டா?"

ஆபேல் என்னை முறைத்தார். "சொல்லிட்டியா?"

"நான் ஒரு வார்த்த சொல்லல. உங்க கேசட்டுதான் சொல்லிக் குடுத்திருக்குது" என்றேன். "கேக்குறா இல்ல? பதில் சொல்லுங்க."

அவர் நிலைப்படிக்குப் போய் அவள் எதிரில் குந்தினார். எவ்வளவு பெரிய மிஷினையும் கழற்றி மாட்டுகிற மனுஷனுக்கு இந்த இரண்டு வார்த்தை வர எத்தனை நேரம்! ஜப்பானுக்குப் போகிறேன், நாளைக்கு, ரெண்டு வருஷம், திரும்பி வருவேன் என்று கடைசியில் சொல்லி முடித்தார். ஜெபராணி போட்ட கூச்சலில் தெருவே வெளியே வந்துவிட்டது. செருப்பாலேயே அவர் தோளில் அடித்தாள். அவரும் அழுதார். நானும் அழுதேன்.

வஹீதா ஓடி வந்தாள். "சொல்லிட்டீங்களா? நான் அப்பவே சொன்னேன்ல, ஜாஸ்தி அழும்னு! எதுக்கு இந்தப் பேஜாரு?"

"அழட்டும் வஹீதா" என்றேன். "அவருக்கு முன்னாடியே அழட்டும். அவர் போன பின்னாடி தனியா உக்காந்து அழ வேணாம்."

அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு நிலைப்படியில் ஜெபராணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அன்றைக்குத்தான் விமர்சனத்தை எழுதி முடித்தேன். ஒரே மூச்சில் வந்தது.

சனிக்கிழமை மூவருமாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு ஸ்டேஷனுக்குப் போனோம். ஜார்ஜும் வழியனுப்ப வந்திருந்தான். நான் நீட்டிய தாளை அங்கேயே நின்று படித்தான்.

"இன்னா சிஸ்டர், மொத வரியிலயே மூணு முடிவையும் சொல்லிட்டீங்களே!"

"ஆமா. பிடிக்கலன்னா நீயே எழுதிக்கோ."

ரயில் வந்தது. ஜெபராணி அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடமாட்டேன் என்றாள். அழுது அழுது குரல் கம்மிப்போயிருந்தது. டிக்கெட்டைக் கிழித்துப்போடுவேன் என்ற மனுஷன் அவளை மெதுவாக என்னிடம் கொடுத்துவிட்டு ஏறினார். ஜன்னல் கம்பியில் முகத்தை அழுத்திக்கொண்டு, "போய்ட்டு வர்றேன் ராணி" என்றார். சத்தமாகவே சொன்னார்.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஏதோ ஞாபகம் வந்தவளாகக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"அங்க பச்சக்காரனோட மொதப் பார்ட்டு இருக்கும்ல?"

"இருக்கும்மா."

"மொதல்லேர்ந்து எல்லாத்தையும் பாத்துட்டு வந்து சொல்லு. முடிவ நீ பாக்க வேணாம். அத நான் சொல்றேன்."