சத்தமில்லாமல் உயரும் தலையணை

1

படுப்பதற்கு முன் அக்கா ரப்பர்க் குழாயின் முனையில் வாய் வைத்து ஒரு தரம் ஊதினாள். தலையணைக்கு அடியில் இருந்த பை புடைத்துத் தணிந்தது. குழாயைப் பம்பில் மாட்டிவிட்டு வந்து படுத்தாள்.

"ஏய் தூங்குமூஞ்சி, லைட்டை அணை."

"இரு, இந்த ஒரு பக்கம்" என்றாள் மெய்ப்புத் திருத்திக்கொண்டிருந்த தங்கை.

காலையில் அக்கா எழுந்து

(வாக்கியம் இங்கே நின்றுவிட்டது. இதை எழுதுபவள்தான் அந்தத் தங்கை. அக்கா எழுந்ததை அவள் பார்க்கவில்லை, தூங்கிக்கொண்டிருந்தாள். பணிமனையில் மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த அக்கா போய்விட்டாள் என்று தொலைபேசி வந்தபோதுதான் கண் விழித்தாள்.)

கதை பிறந்தது அத்தையின் வாயிலிருந்து. துக்கம் கேட்க வந்தவள் சொன்னாள்: "வீட்டுல ஒழுங்கா மணி அடிக்கிற கடிகாரம் ஒண்ணு இருந்திருந்தா, நீயும் எந்திரிச்சு அவ முகத்தைப் பாத்திருப்பியேம்மா."

அதற்கான பதிலைத்தான் இப்போது எழுதிப் பார்க்கிறாள்.

2

வேறு மாதிரியும் தொடங்கலாம். அக்கா பேருந்துப் பணிமனையில் மின்வேலை பார்ப்பவள். முதல் வண்டி கிளம்பும் முன் அங்கே இருக்க வேண்டும். வீட்டில் ஒரே அறை, ஒரே கட்டில். மணி அடித்தால் அக்கா வேலைக்குப் போய்விடுவாள். தூக்கம் கெட்ட தங்கை பகலெல்லாம் எல்லோர் மேலும் எரிந்து விழுவாள்.

"உன்னை எழுப்பாம என்னை மட்டும் எழுப்பற மாதிரி ஒண்ணு செய்யறேன் பாரு."

முதலில் பேருந்துக் கண்ணாடியைத் துடைக்கிற பழைய வைப்பர் மோட்டார் ஒன்று வந்தது. கயிறு கட்டிப் போர்வையை மெல்ல மெல்லக் கால் பக்கம் இழுக்கும். ஒரே போர்வை என்பதை அக்கா யோசிக்கவில்லை.

"பிரமாதமா வேலை செய்யுது. நான் குளிர்ல முழிச்சுட்டேன், நீ குறட்டை விடறே" என்றாள் தங்கை.

(அக்காவைப் பெரிய மேதையாக்கிவிடக் கை குறுகுறுக்கிறது. வேண்டாம். அந்த மோட்டாரை அவள் கருக்கவும் செய்தாள்.)

பிறகு மீன் தொட்டிப் பம்ப். இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையிலிருந்து பிரித்த ரப்பர்ப் பை. பம்ப் இரைந்ததால் அதைச் சமையலறைக்குத் துரத்தி, கதவுக்கு அடியில் குழாயை விட்டாள். நேரமானதும் டைமர் பம்பை ஓட்டும், பை ஊதும், தலையணை உயரும். உயர்ந்தது இறங்கவில்லை. அக்கா ஊசியைக் காய்ச்சிக் குழாயில் ஒரு குத்து குத்தினாள்.

"ஓட்டை போடறியா?"

"பம்ப் நின்னதும் காத்து தானா வெளிய போகணும்டி. அப்பதான் நாளைக்கும் ஏறும்."

மறுநாள் மாலை வந்து சொன்னாள்: "யாரோ கழுத்துக்கு அடியில கை குடுத்துத் தூக்கிவிட்ட மாதிரி இருந்துச்சு." பணிமனையில் எல்லோரிடமும் சொல்லிவிட்டிருந்தாள்.*

* ஒருநாள் அந்தத் தலையணையில் தானும் படுத்துப் பார்க்கிறேன் என்று தங்கை கேட்டாள். "போடி. நீ தூங்கறதுக்குத்தானே இதைச் செஞ்சேன்" என்றாள் அக்கா. அடிக்குறிப்பில் போட வேண்டிய செய்தி இல்லைதான். மேலே எழுதி எழுதி அழித்தாயிற்று.

3

முடிவுகள்.

(அ) தங்கை அக்காவின் தலையணையில் படுக்கிறாள். விடியுமுன் ஒரு கை அவளைத் தூக்கி — அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அக்கா பேச்சை மீறுகிற முடிவு.

(ஆ) பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மணியடிக்கிற கடிகாரம் வாங்குகிறாள். அத்தைக்குப் பிடிக்கும். சிவப்புப் பென்சிலால் அடித்தாயிற்று.

(இ) அத்தையிடம் பதில் சொல்கிறாள்: "அன்னைக்கும் அது வேலை செஞ்சுது அத்தை. அக்கா நேரத்துக்கு எந்திரிச்சா. நான் புரண்டுகூடப் படுக்கல. அவ செஞ்சது அவ்வளவு சுத்தம்."

மெய்ப்புத் திருத்துகிற கண்ணால் இதைப் பலமுறை படித்துவிட்டாள். ஓர் எழுத்தைக்கூட மாற்றத் தோன்றவில்லை. ஆனால் கதைக்கு முடிவாக இது போதுமா என்று தெரியவில்லை. போதாது என்றால் உங்களுடையதை எழுதிக்கொள்ளுங்கள். கீழே இடம் இருக்கிறது.

டைமரை அவள் தொடவில்லை. படுக்கும்போது சிவப்புப் பென்சிலை அக்காவின் தலையணைமேல் வைக்கிறாள். காலையில் அது உருண்டு இவள் பக்கம் கிடக்கிறது. உருளும்போது அவள் ஒருநாளும் விழித்ததில்லை.