ஹான்ஸியின் இடது காது

அப்பாவைப் புதைத்த கல்லறைத் தோட்டத்திலிருந்து வந்த கறுப்பு உடையோடு, முயலை மடியில் போட்டுக்கொண்டு அதன் இடது காதை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினாள் இம்கே. உள்ளே பச்சை குத்திய எண்கள். முயல் சங்கத்தின் வழக்கம் அது: முதலில் பிறந்த மாதம், அடுத்து வருடத்தின் கடைசி எண் மட்டும்.

"நாலு, அஞ்சு. ரெண்டாயிரத்துப் பதினஞ்சு ஏப்ரல். ஹான்ஸிக்குப் பத்து வயசு முடிஞ்சாச்சும்மா. முயலுக்கு அது கிழ வயசு."

அம்மா கெசீனா மகளின் தேநீர்க் கோப்பையைப் பார்த்தாள். "ஒரு கோப்பையிலேயே கரண்டியை உள்ள போட்டுட்டியே, போதுமா?"

"போதும்மா." கரண்டி கோப்பைக்குள் கிடந்தால் இனி ஊற்ற வேண்டாம் என்று அந்த ஊரில் அர்த்தம்.

ஹான்ஸி உயிரோடு இருக்கும்வரை அம்மா இந்த வீட்டில். அதற்குப் பிறகு பிரேமன் நகரில் மகளோடு. தனக்கு நெஞ்சுவலி வந்த பிறகு அப்பா ஹின்னர்க் இருவருக்கும் இடையே செய்துவைத்த சமாதானம் அது. அம்மா தனியே கிடந்து வழுக்கி விழுந்தால் யார் பார்ப்பார்கள்? அந்தப் பயத்திலேயே இம்கே பிரேமனில் அம்மாவுக்கான அறைக்கு மஞ்சள் திரைகூட மாட்டிவிட்டாள்.

பக்கத்து வீட்டு ஒன்னோ, அப்பாவின் முயல் சங்கத்துக் கூட்டாளி, வெண்ணெய்க் கேக்கைத் தட்டில் வைத்துவிட்டுக் கையைத் துடைத்தார்.

"இங்க குடு. பத்து வயசாம்! உங்கப்பன் கேட்டா குழிக்குள்ளேயே சிரிப்பான்."

உதட்டைத் தூக்கிப் பல் பார்த்தார். பாதத்தைப் புரட்டினார். நகங்கள் முடிக்குள்ளேயே ஒளிந்திருந்தன.

"கிழடுன்னா நகம் கொக்கி மாதிரி வெளிய நிக்கும். உள்ளங்கால் என் வழுக்கை மண்டை மாதிரி ஆயிருக்கும். இது சின்னப் பய, கண்ணு. அந்த அஞ்சு பதினஞ்சு இல்ல, இருபத்தஞ்சு. இந்த வசந்தத்துலதான் பொறந்…"

பாதியில் நிறுத்தினார். கெசீனாவைப் பார்த்தார்.

"அட, கள்ளப் பயலே ஹின்னர்க்," என்று முணுமுணுத்துவிட்டு, முயலை இம்கேவிடம் கொடுத்துத் தொப்பியை எடுத்துக்கொண்டார்.

கதவு சாத்தப்பட்டதும் இம்கே அம்மா பக்கம் திரும்பினாள்.

"பழைய ஹான்ஸி எங்கம்மா?"

"பேரி மரத்தடியில. கோடையில போயிடுச்சு. அந்த நெஞ்சை வெச்சுக்கிட்டு உங்கப்பா குழி தோண்டினாரு. சமையலறை ஜன்னல்ல நின்னு பார்த்தேன். சாயந்தரம் கோட்டுக்குள்ள வெச்சு இவனைக் கொண்டுவந்தாரு. 'பாரு கெசீனா, ஹான்ஸிக்கு உடம்பு தேறிடுச்சு'ன்னாரு."

"நீ என்ன சொன்ன?"

"நல்லாவே தேறிடுச்சுன்னேன்."

முயல் இம்கேவின் கறுப்புப் பொத்தானை மோந்து பார்த்து, மெல்லக் கடித்தது. தோட்டத்தில் பேரி மரத்தின் கீழே புல் அவ்வளவாக முளைக்காத சிறு இடம் ஒன்று தெரிந்தது. அதைச் சுற்றி அப்பா கூழாங்கற்கள்கூட வைக்கவில்லை. வைத்தால் அம்மாவுக்குத் தெரிந்துவிடும் என்று நினைத்திருப்பார்.

"நல்லாத் திங்கிறானா?" என்றாள் இம்கே.

"எருமை மாதிரி."

இம்கே கோப்பையிலிருந்து கரண்டியை எடுத்துத் தட்டில் வைத்தாள். அம்மா புதிதாக ஒரு கற்கண்டைப் போட்டுத் தேநீரை ஊற்றினாள். சூட்டில் கற்கண்டு மெல்ல விரிசல் விடும் சத்தத்துக்கு முயலின் காதுகள் இரண்டும் நிமிர்ந்தன.