ஒரே கம்பெனி போல்ட்

சிங்கப்பூரில் நீ சூன் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் காவல்காரனாக இருந்தவன் அப்துல் அலீம். 1956இல் ஒருநாள், மரவள்ளியைத் தோண்டித் தின்ற காட்டுப்பன்றியைச் சுட்டபோது தோட்டா துப்பாக்கிக்குள்ளேயே கிழிந்து வெடித்தது. நெருப்பும் பித்தளைத் துணுக்குகளும் பின்பக்கமாகப் பாய்ந்து வலது கண்ணைப் பறித்துவிட்டன.

அதற்கு முந்தின வாரம்தான் சிராங்கூன் சாலையில் துப்பாக்கிக் கடை வைத்திருந்த சாகுல் ஹமீது அந்தத் துப்பாக்கிக்கு வேறு போல்ட் போட்டுக் கொடுத்திருந்தார். தோட்டாவைப் பின்னாலிருந்து அடைத்துப் பிடிக்கிற இரும்பு அது. விசாரணைக்கு வந்த இன்ஸ்பெக்டர் தங்கராஜுவிடம் அவர் பதறாமல் சொன்னார்: "ஒரே கம்பெனி சரக்கு சார். எந்த போல்ட்ட எதுல போட்டாலும் ஒன்னுதான். இவன் ஈரத் தோட்டாவப் போட்டிருப்பான்."

அந்தப் பேச்சுதான் நிலைத்தது. கண்ணோடு வேலையும் போயிற்று. கவனமில்லாதவன் என்ற பெயர்தான் மிச்சம்.

அலீமும் மனைவி பரீதாவும் ஃபேரர் பார்க்கில் ஓர் அறைக்குக் குடிவந்தார்கள். பரீதாவின் அண்ணன் ஹனீபா ராணுவப் பட்டறையில் துப்பாக்கி பழுதுபார்ப்பவர். போலீஸ் திருப்பிக் கொடுத்த துப்பாக்கியைப் பிரித்துப் பார்த்தார். கம்பெனியில் குறை சொல்ல ஒன்றுமில்லை, குழலும் இரும்பும் முதல்தரம் என்றார். ஆனால் நல்ல கம்பெனி என்பதற்காக ஒன்றின் போல்ட்டை இன்னொன்றில் அப்படியே மாட்டிவிட முடியாது. அளவு வைத்துப் பார்க்க வேண்டும். நூலளவு இடைவெளி கூடினாலும் தோட்டா கிழியும். இந்த போல்ட்டில் பொறித்திருந்த வேறு துப்பாக்கியின் எண்ணை அரம் போட்டுத் தேய்த்து அழித்திருந்தார்கள். ஆனால் சொந்தக்காரன் சொன்னால் போலீஸ் எடுத்துக்கொள்ளாது என்றார்.

அன்று முதல் சாகுல் ஹமீதை நினைக்காமல் அலீம் ஒரு வாய் சோறு தின்றதில்லை. மச்சானிடமே தொழில் கற்றான். பிறகு புக்கிட் தீமா பக்கத்தில் ஒரு சுடும் சங்கத்தில் துப்பாக்கி துடைக்கும் வேலைக்குச் சேர்ந்தான். துப்பாக்கி விற்கிறவன் என்றாவது அங்கே வந்துதான் ஆக வேண்டும்.

இரண்டு வருடம் கழித்து ஒரு ஞாயிறு காலை சாகுல் ஹமீது வந்தார். புது ரகத் துப்பாக்கிகளைச் சங்கத்தாருக்குச் சுட்டுக் காட்டப்போகிறாராம். உறுப்பினர்களில் ஒருவராக இன்ஸ்பெக்டர் தங்கராஜுவும் உட்கார்ந்திருந்தார். கம்பெனியின் பெயரையும் தரத்தையும் பற்றி சாகுல் ஹமீது வாய் ஓயாமல் பேசினார். துப்பாக்கி எடுத்துக் கொடுக்கிற ஒற்றைக்கண்ணனை அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அலீம் எல்லாரும் பார்க்கவே இரண்டு துப்பாக்கிகளின் போல்ட்டைக் கழற்றினான். இதிலிருந்ததை அதில் மாட்டி, தோட்டாவும் போட்டு நீட்டினான்.

"சுடுங்க முதலாளி."

சாகுல் ஹமீதின் கை பாதியில் நின்றது. "என்னடா பண்ற? அது இந்தத் துப்பாக்கியோட போல்ட் இல்ல."

"ஒரே கம்பெனிதானே?"

"அளவு பாக்காம மாத்தி மாட்டுனா மூஞ்சி போயிடும்டா, முட்டாள்!"

சொன்ன பிறகுதான் அவர் அலீமின் முகத்தைப் பார்த்தார். யாரென்று தெரிந்துகொண்டது அவர் கண்ணில் தெரிந்தது. அலீம் துப்பாக்கியை நீட்டியபடியே நின்றான். அவர் வீம்புக்கு வாங்கிச் சுட்டிருந்தால் தடுத்திருப்பேனா என்று பிற்பாடு அவன் யோசித்ததுண்டு. தடுத்திருப்பேன் என்று அவனால் சொல்ல முடிந்ததில்லை.

இன்ஸ்பெக்டர் எழுந்து வந்தார். "அன்னைக்கு என்கிட்ட வேற மாதிரி சொன்னீங்களே?" என்று கேட்டார்.

மறு விசாரணை நடந்தது. தேய்த்த போல்ட்டோடு ஹனீபா போய்ச் சாட்சி சொன்னார். சாகுல் ஹமீதின் உரிமம் ரத்தாயிற்று, கடைக்குப் பூட்டு விழுந்தது.

சில மாதம் கழித்து அவர் ஃபேரர் பார்க் வீட்டு வாசலில் வந்து நின்றார். ஆள் பாதியாக இளைத்திருந்தார். இன்ஸ்பெக்டரிடம் தனக்காக ஒரு வார்த்தை சொல்லச் சொல்லிக் கெஞ்சினார். பிள்ளைகளைக் காப்பாற்ற வழியில்லை என்றார். பரீதா நாற்காலியை இழுக்கப் போனாள். அலீம் வேண்டாம் என்று கைகாட்டினான்.

"கண்ணு போனதக்கூட பொறுத்துருப்பேன். தப்ப என் தலையில கட்டுனீங்களே. போங்க."

அவர் படியிறங்கிப் போவதைக் கடைசிப்படி வரை நின்று பார்த்தான். வயசான மனுஷர், ஒரு வாய் தண்ணியாவது கொடுத்திருக்கலாம் என்று பரீதா முணுமுணுத்தாள். அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அன்று மத்தியானம் மீன் ஆணத்தை ஊற்றி, இரண்டு தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.