இறங்குவதற்கு ஒரு படிக்கட்டு

பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுனில் டோரீன் மேடத்தின் வீடு ஒற்றைத் தளம். மாடி கிடையாது. மொட்டை மாடிக்குப் போகக்கூட வெளிச்சுவரில் ஒரு இரும்பு ஏணிதான். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் அந்த வீட்டு ஹாலுக்குள் பதினோரு படிகள் கொண்ட படிக்கட்டு ஒன்று இருக்கிறது.

மேடம் ஆப்பரா பாடகி. வியன்னாவில் ஏழு வருடம் பாடியவர். அந்த ஏழில் எத்தனை வருடம் கும்பலில் ஒருத்தியாக நின்று பாடினார் என்பதை, அவருக்காக நான் எழுதும் கடிதங்கள் எதிலும் குறிப்பிடுவதில்லை. வாரம் மூன்று நாள் சந்தாபுராவிலிருந்து பஸ் பிடித்து வந்து அவருடைய கடிதப் போக்குவரத்தைக் கவனிப்பது என் வேலை.

பெரிய பாடகிகளின் வீடுகளைப் பற்றிய வெளிநாட்டுப் பத்திரிகைப் படங்களை அவர் ஒரு டிரங்குப் பெட்டி நிறையச் சேர்த்து வைத்திருந்தார். ஒருத்தியின் குளியல் தொட்டிக்குச் சிங்கத்தின் கால்கள். இன்னொருத்தி தூங்குவது அன்னப்பறவை வடிவக் கட்டிலில். வேறொருத்தி வீட்டு நாய்க்குத் தனிச் சரவிளக்கு. இவற்றையெல்லாம் மேடம் பெங்களூரில் கிடைப்பதை வைத்துச் செய்து பார்த்தார். ஹாலில் இருந்த பளிங்குத் தூண்கள், கல்யாண மண்டபத்தில் கழித்துப் போட்ட தெர்மாகோல். சிக்பேட்டையில் வாங்கிய சிவப்பு வெல்வெட் பாத்ரூம் ஜன்னல் வரை தொங்கியது. கூரையில் மேகங்கள், நடுவே குட்டித் தேவதைகள். வரைந்தவர் கல்யாண மேடைக்குப் படுதா எழுதுகிறவர் என்பதால் தேவதைகளில் இரண்டுக்குக் கிருஷ்ணன் ஜாடை.

எல்லாவற்றையும் முன்நின்று செய்தவர் ஒக்கலிபுரத்தில் மேடை அலங்காரம் செய்யும் கோவிந்தன். எதற்கும் அசராத மனிதர், படிக்கட்டு என்றதும் தலையைச் சொறிந்தார்.

"மேல ரூமே இல்லியே மேடம். படி இன்னாத்துக்கு?"

"இறங்கறதுக்கு, கோவிந்தன்."

"இறங்கணும்னா மொதல்ல ஏறணுமே."

"அதை யாரும் பாக்க வேண்டாம்."

காரணம் இல்லாமல் இல்லை. மேடம் இருக்கும் பாடகர் குழுவின் கிறிஸ்துமஸ் கச்சேரியில் இருபது வருடமாகத் தனிப்பாடல் மேடத்துக்குத்தான். போன வருடம் அது காக்ஸ் டவுன் லவினாவுக்குப் போய்விட்டது. இந்த வருடமும் போனால் இனித் திரும்பாது, மேடத்துக்கு அறுபத்தெட்டு. குழுவை நடத்தும் ராகேஷ், என் மகன் வயதுப் பையன், சனிக்கிழமை நான்கு மணிக்கு நேரில் வந்து முடிவைச் சொல்வதாகப் போன் செய்திருந்தான். நல்ல செய்தி என்றால் போனிலேயே சொல்லியிருப்பானே என்று எனக்குப் பட்டது. மேடத்துக்கும் பட்டிருக்க வேண்டும்.

"ஆப்பரா பாதி காது, பாதி கண்ணு, மிஸ்டர் சிவசங்கரன். நான் பாடிக்கிட்டே இறங்கி வர்றதைப் பாக்கட்டும். அப்புறம் சொல்லட்டும்."

சனிக்கிழமை மூன்றரைக்கே ஏறத் தொடங்கினார். கறுப்பு வெல்வெட் கவுன், மூன்று சரம் முத்து. முழங்கால் சம்மதித்து மேல்படியை அடையப் பதினெட்டு நிமிடம் ஆயிற்று. அங்கே நின்றால் அவர் கொண்டைக்கும் கிருஷ்ணன் ஜாடைத் தேவதையின் பாதத்துக்கும் இடையே ஒரு சாண்.

நாலு பத்துக்கு ராகேஷ் போன் செய்தான். ஹெப்பால் மேம்பாலத்தில் நிற்கிறானாம். நாலே முக்காலுக்கும் அங்கேயேதான் நின்றான்.

"அங்கயே குடித்தனம் வச்சுட்டானா?" என்று மேலிருந்து குரல் வந்தது.

"இறங்கி உக்காருங்களேன் மேடம்."

"இறங்கினா மறுபடி ஏறணும். நீங்க தூக்கிட்டு ஏறுவீங்களா?"

டீயை மேலே கொண்டுபோய்க் கொடுத்தேன். சர்க்கரை கம்மி என்றார். இரண்டாவது முறை ஏறி சர்க்கரை கொடுத்தேன்.

ஐந்து நாற்பதுக்கு கேட் சத்தம் கேட்டது. கதவைத் திறந்தேன். உள்ளே வந்த ராகேஷ் நிமிர்ந்து பார்த்தான், செருப்பைக் கழற்ற மறந்தான். மேடம் ஒரு கையை நீட்டி, மூச்சை இழுத்து, ஒரு படி இறங்கினார். இரண்டாவது படிக்குக் காலை எடுத்தவர் அப்படியே தொப்பென்று உட்கார்ந்துவிட்டார்.

"என்னாச்சு ஆன்ட்டி?"

"கால் மரத்துடுச்சு மேன். ரெண்டு மணி நேரம் நிக்க வச்சா என்ன ஆகும்?"

நாங்கள் இருவரும் முன்னால் நின்று கைகளைப் பிடித்து இழுத்தோம். எங்கள் மேல் விழப் பார்த்தார். "நான் பின்னாடி போய் அக்குள்ல கை குடுத்துத் தூக்கறேன்," என்று ராகேஷ் கைப்பிடியில் ஏறி, கவுனைத் தாண்டி, மேல்படிக்குப் போனான். படிக்கட்டின் அகலம் இரண்டடி. மேடம் உட்கார்ந்தால் அதில் மிச்சம் ஒன்றும் இல்லை. அவன் கூரையில் ஒரு கையை ஊன்றி, மேகங்களுக்குள் தலை குனிந்து நின்றான்.

மேடம் திரும்பி அவனைப் பார்த்தார். பிறகு கீழே வாசல் வரை பார்த்தார். கவுனை இருபுறமும் நன்றாக விரித்துக்கொண்டார்.

"சோலோ யாருக்கு?"

"மொதல்ல எழுந்திரிங்க ஆன்ட்டி."

"சொல்லு, எழுந்திரிக்கறேன்."

"லவினா ஆன்ட்டிக்கு."

மேடம் எழுந்திருக்கவில்லை. முகத்தை வாசல் பக்கம் திருப்பிக்கொண்டு, உட்கார்ந்தபடியே பாட ஆரம்பித்தார். எனக்கு அந்த மொழி தெரியாது, ராகமும் பிடிபடாது. ஆனால் நடுவில் இருக்கும் குரல், உயரவும் வேண்டாம் இறங்கவும் வேண்டாம் என்று நிதானமாகப் போகும் குரல், கொஞ்ச நேரத்துக்குத் தெர்மாகோலைப் பளிங்காக்கிவிட்டது. பிறகு பாட்டு மேலே ஏறத் தொடங்கியது. உச்சிக்கு ஒரு எட்டு முன்னால் அவர் நிறுத்திவிட்டார்.

"அடுத்தது?" என்றான் ராகேஷ்.

"அடுத்தது வராது. உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்."

அவன் கூரையிலிருந்து கையை எடுத்துவிட்டு மேல்படியில் உட்கார்ந்தான். "கீயை ஒரு டோன் இறக்கிட்டா வரும்." கீ என்றால் சுருதி, அதுவரை எனக்கும் தெரியும்.

"நானா? இறக்கியா? ஊர் சிரிக்கும்."

"போன வருஷம் யார் சிரிச்சாங்க? லவினா ஆன்ட்டிக்கு ஒன்றரை இறக்கினேன். கீபோர்டுல ஒரு பட்டன்தான்."

மேடத்தின் தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று நான் தண்ணீர் எடுக்கப் போனேன், சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஒன்றரையா? அவளா?"

"நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. இப்ப வழி விடுங்க, நாளைக்கு யோசிச்சு சொல்றேன்."

"நாளைக்கு நீ கீழ இருப்பே."

ராகேஷ் பெருமூச்சு விட்டான். "பாட்டுல ரெண்டு சரணம். ஆளுக்கு ஒண்ணு. நிஜமாத்தான் சொல்றேன் ஆன்ட்டி, அந்த நடுக்குரல் எங்க குரூப்ல வேற யாருக்கும் இல்ல. ஆனா கீ ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான்."

"ஒரு டோன். ஒன்றரை கிடையாது."

"லவினா ஆன்ட்டிக்கு மேல எட்டாதே."

"அது அவ கஷ்டம்." கொஞ்சம் யோசித்தார். "சரி, ஒண்ணேகால்."

"பட்டன்ல கால் கிடையாது ஆன்ட்டி."

வெளியே தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்துப் பார்த்தார்கள்.

"சரி, ஒன்றரை. எனக்கு ரெண்டாவது சரணம். கடைசியா பாடறவளைத்தான் வீட்டுக்குப் போற வரைக்கும் பேசுவாங்க."

எழுந்து நிற்க இன்னும் கால் வரவில்லை. அதனால் உட்கார்ந்தபடியே ஒவ்வொரு படியாகச் சறுக்கி இறங்கினார். பின்னால் ராகேஷ் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, அவனும் உட்கார்ந்தபடியே வந்தான். கைப்பிடியின் தங்க பெயிண்ட் இரண்டு பேர் மேலும் ஒட்டிக்கொண்டது.

"மிஸ்டர் சிவசங்கரன், லவினாவுக்கு ஒரு லெட்டர்," என்றார் கீழிருந்து ஐந்தாவது படியில். "அன்புள்ளன்னு ஆரம்பிக்காதீங்க. பொய்யிலேர்ந்து தொடங்கக் கூடாது."

நான் பேனாவை எடுத்தேன். அவர் நாலாவது படிக்குச் சறுக்கினார்.