ஓபர்ஸே ஏரிக்கரையில் ஒரு நேர்த்தி

ஜேர்மனியின் கொலோன் நகரிலிருந்து ஒன்பது மணிநேரம் கார் ஓட்டி, கோனிக்ஸே ஏரியைப் படகில் கடந்து, அதற்கப்பால் மலைகளுக்குள் ஒளிந்துகிடக்கும் ஓபர்ஸே ஏரியின் மறுகரைவரை நடந்ததில் என் முழங்கால் கழன்று விழாத குறை. வர வேண்டாம் என்று மகள் யதுசா மூன்று தடவை சொல்லியிருந்தாள். கேட்டால்தானே என் மனைவி கமலநாயகி!

யதுசா இந்தத் தேசியப் பூங்காவில் காவலராகச் சேர்ந்து ஐந்து மாதம். அடுத்த மாதம் அவளை நிரந்தரமாக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று பொறுப்பாளர் எழுதிக்கொடுக்க வேண்டும். அந்த மனிசன் இன்றைக்கு முழுநாளும் அவள் வேலை செய்வதைக் கூடவே நடந்து பார்க்கிறார்.

"தூரத்தில நிண்டு பாத்திட்டு வருவம்" என்றாள் கமலநாயகி. நானும் நம்பினேன், மடையன்.

ஏரி அசையாமல் கிடந்தது. வாட்ஸ்மான் சிகரம் தலைகீழாக அதற்குள் தெரிந்தது. சப்பாத்தைக் கழற்றிக் காலைத் தடவிக்கொண்டு திரும்பினால், இவள் ஒரு கல்லில் கற்பூரம் கொளுத்தி, சிகரத்தைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறாள்!

"உமக்கென்ன விசரே? இஞ்ச நெருப்பு வைக்கக்கூடாதெண்டு வழி முழுக்க எழுதிப் போட்டிருக்கு!"

"கத்தாதேங்கோ. உவ்வளவு பெரிய மலையில முருகன் இல்லாமலே? பிள்ளைக்கு வேலை நிரந்தரமாக வேணுமெண்டு நேத்தி வைச்சனான்."

வெறுங்காலென்பதை மறந்து ஓடிப்போய் மிதித்தேன். ஐயோ, சுட்ட சூடு! ஒற்றைக்காலில் துள்ளிக்கொண்டு நிமிர்ந்தால், எதிரே சீருடையில் யதுசா. பக்கத்தில் பொறுப்பாளர்.

அவள் முகம் வெளிறிப்போனது. பொறுப்பாளர் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இவர்கள் என் அம்மாவும் அப்பாவும்" என்று அவருக்கு டொச்சு மொழியில் சொன்னாள். பிறகு பையிலிருந்து ஒரு தண்டப் படிவத்தை எடுத்து, தாயிடமும் டொச்சிலேயே அடையாள அட்டையைக் கேட்டாள்.

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. "பெத்த தாயிட்டயோடி கேக்கிறாய்?"

அவள் நிமிரவில்லை. எழுதிக்கொண்டே போனாள். தாயின் பிறந்த திகதியை அட்டையைப் பார்க்காமலே எழுதினாள். மகள் காட்டிய இடத்தில் கமலநாயகி கையெழுத்து வைத்தாள். யதுசாவும் பொறுப்பாளரும் பாதையில் இறங்கி மறைந்தார்கள்.

"வாரும் போவம். உவளோட இனி எனக்கொரு கதையுமில்லை" என்றேன்.

"விசர்க்கதை கதையாதேங்கோ." கமலநாயகி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "சொந்தத் தாயிலயே வழக்கு எழுதின பிள்ளையை இனி ஆர் வேலையால நிப்பாட்டுறது?"