விரிசலில் ஒட்டிய கண்ணாடி

முப்பது கோடி ஆண்டுகள் பழைய பாறை என்று அறிவிப்புப் பலகை சொன்னது. அதன் விளிம்பில், கடல் பார்க்க வருகிறவர்கள் படமெடுக்கும் இடத்தில், அக்கா கணவரின் தேநீர்க்கடை இருந்தது.

பாறைகளைச் சோதிப்பது என் வேலை. போன மாதம் கடைக்குப் பின்னாலிருந்த விரிசலின் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டை ஒட்டியிருந்தேன். பாறை அசைந்தால் அது உடையும். உடைந்தால் கடையை மூடவேண்டும்.

"வாங்க ஆபீசர், குடியைக் கெடுக்கக் கிளம்பியாச்சா?" என்றார் அத்தான். "நல்லாப் பாத்துக்குங்க, ஒரு கீறல் இல்ல."

குனிந்து பார்த்தேன். கண்ணாடியை விரலால் தடவினேன். கீழே அலை மோதிக்கொண்டிருந்தது.

"எப்ப மாத்துனீங்க?"

"என்னத்த?"

"ஒரு மாசம் உப்புக்காத்துல இருந்த கண்ணாடி இப்படிப் பளபளக்காது அத்தான். உங்க கடை ஜன்னலே வெள்ளை பூத்துக் கிடக்கு."

அவர் முகம் கறுத்தது. "கூடப்பிறந்தவ வாயில மண்ணைப் போடத்தான் படிச்சியா?"

உள்ளே கோப்பை கழுவிக்கொண்டிருந்த அக்கா ஈரக் கையோடு வந்தாள். இரண்டாக உடைந்த பழைய கண்ணாடியை என் முன்னால் வைத்தாள்.

"எழுதிக்க. இனிமே எங்க வீட்டு வாசப்படி மிதிக்காத."